மேட்டா, மெக்கானிக்கா? அரசுப் பட்டறையில் யாருக்கு என்ன வேலை

நெல்லிக்குப்பத்திலிருந்து ஒரு தகப்பனார் கேட்டிருக்கிறார்: "மகன் கடலூரில் ஐடிஐ மோட்டார் வாகன மெக்கானிக் டிரேடு முடிக்கப்போகிறான். மத்திய அரசு அறிவிப்புகளில் டிரேட்ஸ்மேன் மேட், வெஹிகிள் மெக்கானிக், ஹைலி ஸ்கில்டு என்று விதவிதமாகப் பெயர் வருகிறது. எல்லாம் ஸ்பேனர் பிடிக்கிற வேலைதானே? மேட்டாகச் சேர்ந்தால் கடைசிவரை துடைத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதானா?"

ஸ்பேனர் எல்லார் கையிலும் இருக்கும். யாரைக் கேட்காமல் யார் முடிவெடுக்கலாம் என்பதில்தான் வித்தியாசம். ஒரு வண்டியை வைத்தே சொல்கிறேன்.

கடலூர் முதுநகர்ப் பக்கம் ஓடும் ஜீப் ஒன்று பட்டறைக்கு வருகிறது. முன்பக்கம் வலது சக்கரம் சூடேறுகிறது, அந்தப் பக்கத்து பிரேக் பேடு மட்டும் சீக்கிரம் தேய்கிறது. மேட், அதாவது மெக்கானிக்கின் உதவியாளர், வந்து பின்சக்கரத்துக்குக் கட்டை போட்டு, ஜாக்கி ஏற்றி, ஸ்டாண்டு வைத்து, சக்கரத்தைக் கழற்றித் துடைத்துக் கொடுப்பார். (ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுத்த பையனை அன்று முழுக்க வண்டிப் பக்கமே விடாத ஃபோர்மேனிடம்தான் நான் தொழில் கற்றேன்.) மெக்கானிக் பார்க்கிறார்: உப்புக்காற்றில் காலிப்பர் (பேடை அழுத்திப் பிடிக்கும் பாகம்) பின் துருப்பிடித்திருக்கிறது. சுத்தம் செய்து, கிரீஸ் வைத்து, பேடு மாற்றி, பிரேக் ஆயிலில் சிக்கிய காற்றை வெளியேற்றி அனுப்புகிறார். வேலையில் குறை ஒன்றும் இல்லை.

நாலு மாதத்தில் அதே ஜீப், அதே சக்கரம். இப்போது ஹைலி ஸ்கில்டு ஆள் வருவார். பிரேக்கை மிதித்து விடச் சொல்லி, சக்கரம் இறுகி நிற்கும்போதே காலிப்பரில் ஆயிலை வெளியேற்றும் திருகான பிளீடர் நிப்பிளைக் கொஞ்சம் தளர்த்துவார். ஆயில் பீய்ச்சி சக்கரம் விட்டுக்கொடுத்தால் காலிப்பர் மேல் தப்பில்லை. அதற்கு மேலே எங்கோ அடைப்பு, பெரும்பாலும் உள்ளுக்குள் ஊதிப்போன ரப்பர் ஓஸ் (பிரேக் ஆயில் குழாய்). தளர்த்தியும் இறுக்கம் போகவில்லை என்றால் காலிப்பரைத்தான் பிரிக்க வேண்டும். இதற்கு இரண்டு நிமிடம் போதும், ஆனால் அந்த இரண்டு நிமிடத்துக்குப் பின்னால் பல வருஷ அனுபவம் இருக்கிறது. ஆள் பிரித்து விடுவது, டிரையல் பார்ப்பது, ஜாப் கார்டில் கையெழுத்துப் போடுவதெல்லாம் மேற்பார்வை பார்க்கும் சார்ஜ்மேன், ஃபோர்மேன் பாடு.

சரி, சம்பளம். ராணுவப் பணிமனைகளின் சிவிலியன் பதவிகளில், 7வது ஊதியக்குழுக் கணக்குப்படி தொடக்க அடிப்படைச் சம்பளம் மேட்டுக்கு லெவல் 1, 18,000 ரூபாய். மெக்கானிக்குக்கு லெவல் 2, 19,900. ஹைலி ஸ்கில்டு இரண்டாம் கிரேடு லெவல் 4 (25,500), முதல் கிரேடு லெவல் 5 (29,200), மாஸ்டர் கிராஃப்ட்ஸ்மேன் லெவல் 6 (35,400). முதல் கிரேடும் மாஸ்டர் கிராஃப்ட்ஸ்மேனும் பதவி உயர்வில் வருபவை. இரண்டாம் கிரேடுக்குச் சில அறிவிப்புகளில் நேரடியாகவும் ஆள் எடுக்கிறார்கள். அதனால் உங்கள் மகன் மேட், மெக்கானிக் இரண்டுக்குமே விண்ணப்பிக்கட்டும், கேட்கிற தகுதி இருந்தால் இரண்டாம் கிரேடுக்கும். மேட் வேலை முதலில் கிடைத்தால் தயங்காமல் சேரட்டும். அந்தத் துறையின் விதியைப் பொறுத்து டிரேட் டெஸ்ட் (தொழில் திறன் தேர்வு) எழுதி மேலே போகலாம். துடைக்கிற வேலையோடு முடிந்துவிடாது.

தமிழக அரசின் மோட்டார் வாகனப் பராமரிப்புத் துறையில் ஜெனரல் ஃபோர்மேன், ஆட்டோமொபைல் இன்ஜினியர் பதவிகளை டிஎன்பிஎஸ்சி நிரப்புகிறது. அவற்றுக்கு ஐடிஐ மட்டும் போதாது, மேலே படிக்க வேண்டும்.

ஐடிஐ முடித்த கையோடு அப்ரன்டிஸ் பயிற்சிக்குப் போகச் சொல்லுங்கள். பக்கத்திலேயே நெய்வேலி என்எல்சி இந்த டிரேடுக்கு ஆள் எடுக்கிறது. டிரேட் டெஸ்டில் நிற்கும்போது அந்த ஒரு வருடம் கைகொடுக்கும்.

அப்புறம் லைசென்ஸ். இதைத்தான் பல பையன்கள் கோட்டை விடுகிறார்கள். தபால் துறையின் மெயில் மோட்டார் சர்வீஸ் மெக்கானிக் வேலைக்கு (இதுவும் லெவல் 2) ஹெவி லைசென்ஸ் கேட்கிறார்கள், ஓட்டிப் பார்த்துத்தானே பழுது தெரியும். ஹெவி வண்டி ஓட்ட 20 வயது ஆக வேண்டும். அதற்குப் பழகுநர் உரிமம் (எல்எல்ஆர்) வாங்கவே லைட் மோட்டார் லைசென்ஸ் எடுத்து ஒரு வருடம் ஆகியிருக்க வேண்டும். அறிவிப்பு வந்தபின் ஓடினால் கடைசித் தேதிக்குள் முடியாது. மகனுக்கு 18 முடிந்திருந்தால் இந்த மாதமே லைட் லைசென்ஸுக்கு எல்எல்ஆர் போடச் சொல்லுங்கள்.