சென்சார் 127 டிகிரி காட்டுகிறது, கணினி தானாக அணைகிறது: எந்த எண்ணை நம்புவது?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: லினக்ஸ் போட்ட டெஸ்க்டாப், கேம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் பட்டென்று அணைந்துவிடுகிறது. வெப்பம், ஃபேன் வேகம் காட்டும் எல்எம்-சென்சார்ஸ் நிரலை நிறுவிப் பார்த்தால் ஒரு வரியில் 127 டிகிரி, இன்னொரு வரியில் 48, ஒரு ஃபேனுக்கு 0 சுற்று. எதை நம்புவது, சிபியுவின் (செயலியின்) சூட்டை இழுக்கும் ஹீட்சிங்கைப் புதிதாக வாங்கலாமா?

இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். முதலில் அந்த 127-ஐப் பாருங்கள். கணினி சும்மா இருக்கும்போது 127, விளையாடும்போதும் 127, ஆன் செய்த அடுத்த நிமிடமே 127 என்றால் அது வெப்பநிலையே இல்லை, ஒன்றும் இணைக்காத ஒரு முனை. மதர்போர்டில் சூப்பர் ஐஓ என்று ஒரு சிப் இருக்கும், நூவோட்டான் அல்லது ஐடிஇ தயாரித்ததாக இருக்க வாய்ப்பு அதிகம். ஃபேன் வேகம், மின்னழுத்தம், போர்டின் வெப்பம் எல்லாவற்றையும் அளப்பது அதுதான். அந்த சிப்பில் வெப்பம் அளக்கப் பல முனைகள் உண்டு. போர்டு தயாரிப்பவர்கள் தங்களுக்கு வேண்டியதை மட்டும் இணைத்துவிட்டு மீதியை அப்படியே விட்டுவிடுவார்கள். எது இணைந்திருக்கிறது, எது இல்லை என்பது லினக்ஸ் டிரைவருக்குத் தெரியாது, எல்லா முனைகளையும் வரிசையாகப் படித்துக் காட்டிவிடும். அப்படி அந்தரத்தில் நிற்கும் முனைகள்தான் 127, மைனஸ் 128 மாதிரி ஓரத்து எண்களைக் காட்டும், சில சமயம் நம்பும்படியான 80, 90 கூடக் காட்டும். ஆக்ஸ்டின் என்று பெயர் போட்ட வரிகளில் இது ரொம்பவே சகஜம். அந்தப் பெயர்களும் சிப்பின் கால்களுக்கு வைத்த பெயர்கள்தான், உங்கள் போர்டில் அங்கே என்ன இருக்கிறது என்பதைச் சொல்வதில்லை.

சரி, எதை நம்புவது? சிபியு தனக்குள்ளேயே வைத்திருக்கும் சென்சாரை. இன்டெல் என்றால் கோர்டெம்ப் என்ற தலைப்பின் கீழும், ஏஎம்டி என்றால் கே10டெம்ப் என்ற தலைப்பின் கீழும் வருவது அது. இது சிலிக்கானுக்குள் இருப்பதால் போர்டு யார் செய்தது என்ற பிரச்சினையே இல்லை. இதிலும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது. இன்டெல் சென்சார் நேரடியாக இத்தனை டிகிரி என்று சொல்வதில்லை, உச்ச வரம்புக்கு இன்னும் எத்தனை டிகிரி பாக்கி என்றுதான் சொல்கிறது. நாம் பார்க்கும் எண், வரம்பிலிருந்து அதைக் கழித்து வருவது. அதனால் வரம்பை நெருங்க நெருங்கத் துல்லியம் கூடும், சும்மா இருக்கும்போது சில டிகிரி முன்னே பின்னே இருக்கும். ஒரு கோர் 31, பக்கத்து கோர் 36 என்று பார்த்துவிட்டு சிபியுவுக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே பூசும் தெர்மல் பேஸ்ட் சரியாகப் பரவவில்லை என்று கழற்றி மாட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அந்த வித்தியாசத்துக்கு ஒரு பொருளும் கிடையாது. ஏஎம்டியில் டிசிடிஎல் என்று ஒரு வரி வரும், அது ஃபேனைக் கட்டுப்படுத்துவதற்கான எண். ரைசன் 1700எக்ஸ், 1800எக்ஸ் இரண்டிலும் உண்மையான வெப்பத்தோடு 20 டிகிரி கூட்டித்தான் அது வரும். டிடை என்று தனி வரி இருந்தால் அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

உச்ச வரம்பும் சிபியுவுக்கு சிபியு மாறும். சமீபத்திய இன்டெல் டெஸ்க்டாப் சிபியுக்கள் பலவற்றுக்கு 100, ரைசன் 5800எக்ஸுக்கு 90, 7700எக்ஸுக்கு 95. முழு வேலை கொடுத்தால் ரைசன் 7000 வரிசையின் பெரிய சிபியுக்கள் 95 வரை போய் அங்கேயே நின்று ஓடும்படிதான் வடிவமைத்திருக்கிறார்கள். அதனால் 80-ஐத் தாண்டினால் ஆபத்து என்று யாராவது பொத்தாம்பொதுவாகச் சொன்னால், எந்த சிபியு என்று திருப்பிக் கேளுங்கள்.

என்னென்ன சென்சார் சிப்கள் இருக்கின்றன என்று தேடும் சென்சார்ஸ்-டிடெக்ட் நிரலை ஓட்டினீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. ஓட்டவில்லை என்றால் ரூட்டாக, அதாவது நிர்வாகி அனுமதியோடு, ஒருமுறை ஓட்டுங்கள். வரிசையாகக் கேள்வி கேட்கும், ஒவ்வொன்றுக்கும் என்டர் மட்டும் தட்டினால் போதும், பாதுகாப்பான பதிலைத்தான் அதுவே முன்கூட்டி வைத்திருக்கும். பழைய ஐபிஎம் திங்க்பேட் சிலவற்றில் இப்படித் துழாவியதில் உள்ளே இருந்த ஒரு நினைவகச் சிப்பின் தகவல் கெட்டுப்போயிருக்கிறது, அதனால்தான் இன்றைக்கும் அது இவ்வளவு ஜாக்கிரதையாகக் கேட்டுக் கேட்டுச் செய்கிறது. கடைசியில் எந்த மாட்யூல் (டிரைவர்) வேண்டும் என்று சொல்லி, அதைப் பதிவு செய்யட்டுமா என்று கேட்கும், அந்த ஒரு இடத்தில் மட்டும் ஆம் என்று சொல்லுங்கள். டிஸ்குகளும் கிராஃபிக்ஸ் கார்டும் இதில் சேராமல் தனி வழி. என்விஎம்இ எஸ்எஸ்டியின் வெப்பத்தைக் லினக்ஸின் மையமான கெர்னலின் 5.5 பதிப்பிலிருந்து நேரடியாகவே பார்க்கலாம், சாட்டா டிஸ்குக்கு 5.6-ல் வந்த டிரைவ்டெம்ப் மாட்யூலை ஏற்ற வேண்டும், என்விடியா கார்டின் சொந்த டிரைவர் என்றால் என்விடியா-எஸ்எம்ஐ கட்டளை. ஏஎம்டி கார்டு எட்ஜ், ஜங்ஷன், மெம் என்று மூன்று எண் காட்டும். ஜங்ஷன் என்பது சிப்பிலேயே அதிகம் சுடும் புள்ளி, எட்ஜைவிட 15, 20 டிகிரி கூட இருப்பது இயல்பு, ஆர்எக்ஸ் 5700 மாதிரிக் கார்டுகளில் 110 வரை அனுமதி உண்டு.

இதே கேள்வியோடு விண்டோஸ்காரர்களும் வருவார்கள் என்பதால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. டாஸ்க் மேனேஜர் கிராஃபிக்ஸ் கார்டின் வெப்பத்தை மட்டும்தான் காட்டும், சிபியுவுக்கு எச்டபிள்யூஇன்ஃபோ அல்லது லிப்ரே ஹார்ட்வேர் மானிட்டர் போடுங்கள், ஆனால் இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட்டாதீர்கள். அந்த சூப்பர் ஐஓ சிப்பைப் படிக்க முதலில் எந்த இடம் வேண்டும் என்று ஒரு எண்ணை எழுதி, பிறகு விடையை எடுக்க வேண்டும். ஒரு நிரல் எழுதி முடித்து விடையை எடுப்பதற்குள் இன்னொன்று வேறு எண்ணை எழுதிவிட்டால், ஃபேன் வேகம் இருக்க வேண்டிய இடத்தில் மின்னழுத்தம் வந்து நிற்கும். நிரல்கள் தங்களுக்குள் முறை வைத்துக்கொண்டால் தப்பிக்கலாம், எல்லா நிரலும் அப்படிச் செய்வதில்லை.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். உச்சத்தில் நிற்கும் எண்ணைவிட, அது எவ்வளவு வேகமாக ஏறி எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்பதுதான் பழுது எங்கே என்று சொல்லும். இதை நான் கற்றது என் சொந்தக் கணினியில். வீடியோ மாற்றும் வேலை கொடுத்தால் அணைந்துவிடும். இயங்குதளம் ஏறும் முன் வரும் அமைப்புத் திரையான பயாஸில் போய்ப் பார்த்தால் 50 டிகிரி, அதனால் வெப்பம் காரணமில்லை என்று முடிவு செய்து ரேமை மாற்றினேன், இயங்குதளத்தைப் புதிதாகப் போட்டேன், இரண்டு வாரம் போனது. பயாஸ் திரையில் இருக்கும்போது கணினி ஒரு வேலையும் செய்வதில்லை, அங்கே தெரியும் எண் பாரம் இல்லாத எண் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. கடைசியில் ஒரு நாள் நொடிக்கு ஒருமுறை எண்ணைப் பதிவு செய்துகொண்டே வேலையை ஆரம்பித்தேன். 38-ல் இருந்தது இரண்டே நொடியில் 98. நிறுத்தினேன், இரண்டு நொடியில் திரும்பவும் ஐம்பதுக்குக் கீழே. அந்த நேரத்தில் ஹீட்சிங்கைத் தொட்டுப் பார்த்தால் சில்லென்று இருந்தது. சிபியு 98-ல் கொதிக்கும்போது அதன் மேல் உட்கார்ந்திருக்கும் அலுமினியம் குளிர்ந்து கிடக்கிறது என்றால் வெப்பம் அங்கே போய்ச் சேரவே இல்லை என்று அர்த்தம். போர்டைக் கழற்றிப் பின்பக்கம் பார்த்தேன், ஹீட்சிங்கைப் பிடிக்கும் நான்கு பிளாஸ்டிக் பின்களில் ஒன்று பூட்டிக்கொள்ளாமல் பாதியில் நின்றிருந்தது. அழுத்தி மாட்டிப் புதிதாகப் பேஸ்ட் வைத்ததும் அதே வேலைக்கு 71-ல் நின்றது.

அதனால் நீங்களும் இப்படிச் செய்யுங்கள். ஸ்ட்ரெஸ்-என்ஜி என்ற சோதனை நிரலைக் கொண்டு சிபியுவுக்கு மட்டும் முழு பாரம் கொடுத்துப் பத்து நிமிடம் பாருங்கள். பாரம் கொடுத்த உடனே பத்து, இருபது டிகிரி தாவுவது எந்த சிபியுவிலும் நடக்கும், அதில் பயமில்லை. ஓரிரு நொடியிலேயே வரம்பைத் தொட்டு, ஹீட்சிங்கும் குளிர்ந்திருந்தால் தொடர்பு சரியில்லை: பின், திருகு, காய்ந்த பேஸ்ட், உரிக்காமல் விட்ட பிளாஸ்டிக் உறை, தண்ணீர் கூலர் என்றால் நின்றுபோன பம்பு. மாறாக முதலில் 65-ல் நின்று, பிறகு நிமிடத்துக்கு ஒன்றிரண்டு டிகிரியாக விடாமல் ஏறிக்கொண்டே போனால் ஹீட்சிங்க் தன் வேலையைச் செய்கிறது, கேபினெட்டுக்குள் சூடான காற்று வெளியே போக வழியில்லை அல்லது தூசி அடைத்திருக்கிறது. அதற்குப் பக்கக் கதவைக் கழற்றிவிட்டு அதே சோதனையைத் திரும்பச் செய்தாலே தெரிந்துவிடும்.

பதிவு செய்யும்போது ஒரு சிக்கல் இருக்கிறது. மின்சாரம் துண்டித்த மாதிரி அணைந்தால் கோப்பில் எழுதிக்கொண்டிருந்த கடைசிச் சில வரிகள் தொலைந்துபோகும், நமக்கு வேண்டியதோ அந்த வரிகள்தான். இன்னொரு கணினியிலிருந்தோ கைபேசியிலிருந்தோ எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து கட்டளை கொடுக்கும் வழி) மூலம் உள்ளே நுழைந்து, வாட்ச் கட்டளையோடு சென்சார்ஸ் கட்டளையை நொடிக்கு ஒருமுறை ஓடவிட்டு, இந்தப் பக்கம் விளையாடுங்கள். கணினி அணைந்தாலும் கடைசியாக வந்த எண்கள் அந்தத் திரையில் அப்படியே நிற்கும்.

அந்தக் கடைசி எண்கள் சிபியு 70, கார்டு 75 என்று இருந்தால், வெப்பத்தைத் துரத்துவதை நிறுத்திவிட்டு பவர் சப்ளையைப் பாருங்கள். சிபியு வரம்பைத் தொட்டால் உடனே அணைவதில்லை, முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், கேம் திக்கித் திணறும், அப்படியும் ஏறினால்தான் அணையும். திணறல் எதுவும் இல்லாமல் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது சட்டென்று இருட்டாவது, கார்டு ஒரு கணம் இழுக்கும் மின்சாரத்தைச் சப்ளை தாங்காமல் போவதோடு அதிகம் பொருந்துகிறது. சாதாரண பவர் சப்ளைகளில் நாம் படிக்கக்கூடிய சென்சார் எதுவும் கிடையாது என்பதால், இதை வேறொரு சப்ளையை இரவல் வாங்கி மாட்டித்தான் உறுதி செய்ய முடியும்.

அந்த 0 சுற்று ஃபேன்: போர்டில் ஆறு ஃபேன் இணைப்பு இருந்து நீங்கள் மூன்று மாட்டியிருந்தால் மற்ற மூன்றும் 0 என்றுதான் வரும். கேபினெட்டைத் திறந்து, ஓடும் ஃபேன்களைக் கண்ணால் எண்ணுங்கள், சுற்று காட்டும் வரிகளும் அத்தனை இருந்தால் கவலையில்லை. ஃபேன் ஓடுகிறது, வரி மட்டும் 0 என்றால் அது பவர் சப்ளையிலிருந்து நேராக மின்சாரம் எடுக்கும் ஃபேனாக இருக்கலாம், அல்லது வேகத்தைச் சொல்லும் மூன்றாவது கம்பி இல்லாத இரண்டு பின் ஃபேனாக இருக்கலாம். சிபியு ஃபேன் என்று போர்டில் அச்சிட்ட இடத்தில் மாட்டியது கண்ணெதிரே நின்றுகொண்டிருந்தால் மட்டும் உடனே கணினியை அணையுங்கள். சோதனை முடிந்ததும் சென்சார்ஸ் காட்டியதை முழுதாக, சிபியு பெயரோடு சேர்த்து இங்கே போடுங்கள், நான் பார்க்கிறேன்.