தினம் பத்து ஆட்டம் வேண்டாம், வாரம் ஒன்று போதும்

கேள்வி: நான் குலசேகரம் பக்கத்தில் பிளஸ் ஒன் படிக்கிறேன். அப்பாவுக்கு ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு வேலை. செஸ்ஸைக் கைபேசியில்தான் கற்றுக்கொண்டேன். ஓப்பனிங்கில், அதாவது ஆட்டத்தின் தொடக்கத்தில், பன்னிரண்டு, பதினைந்து நகர்வுகள் வரை மனப்பாடம். பசில் போட்டால் விடை வேகமாக வந்துவிடும். ஆனால் நாகர்கோவிலில் போட்டிக்குப் போனால், ஓப்பனிங் முடிந்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் யானையை இங்கும் அங்கும் நகர்த்திக்கொண்டிருக்கிறேன். பெரிய தப்பு எதுவும் செய்யாமலே மெல்ல மெல்லத் தோற்றுப்போகிறேன். மாஸ்டர்களின் ஆட்டங்களைப் பார் என்று ஓர் அண்ணன் சொன்னதால், இரண்டு மாதமாகத் தினமும் பத்து ஆட்டங்களைக் கைபேசியில் ஓடவிட்டுப் பார்க்கிறேன். ஒன்றும் மனதில் நிற்கவில்லை. இன்ஜின் என்கிற செஸ் கணினி நிரல் எல்லாரையும் தோற்கடிக்கிற இந்தக் காலத்தில் நூறு வருடத்துக்கு முந்தைய ஆட்டங்களால் என்ன பயன்? கோச் வைத்துக்கொள்ள வசதி இல்லை. என்ன செய்யலாம், ஐயா?

பதில்: அன்புள்ள தம்பி, 'பெரிய தப்பு எதுவும் செய்யாமலே தோற்றுப்போகிறேன்' என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வயதில் பலருக்கு இதைக் கண்டுபிடிக்கவே நான்கைந்து ஆண்டுகள் ஆகும். நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள் என்பதால் பாதி வேலை முடிந்தது. பசில் என்பது 'இங்கே ஏதோ இருக்கிறது, தேடு' என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுக் கொடுக்கப்படும் கணக்கு. ஆட்டத்தின் நடுவில் அப்படித் தோளைத் தட்டிச் சொல்ல யாரும் வருவதில்லை. எதுவும் இல்லாத நிலையில் எதை நோக்கிப் போவது என்பதைத்தான் திட்டம் என்கிறோம், அது உங்களுக்கு இன்னும் கைவரவில்லை.

தினம் பத்து வீதம் இரண்டு மாதத்தில் அறுநூறு ஆட்டங்கள் உங்கள் கண்முன் ஓடியிருக்கும். மார்த்தாண்டத்திலிருந்து நாகர்கோவிலுக்குப் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து அறுநூறு முறை போய் வந்தவரிடம் வண்டியைக் கொடுத்தால் ஓட்டிவிடுவாரா? நீங்கள் அந்த அறுநூறு ஆட்டங்களிலும் பயணியாகவே இருந்திருக்கிறீர்கள். உங்கள் அப்பா பால்வெட்டுக் கற்றுக்கொண்ட கதையை ஒருநாள் கேட்டுப் பாருங்கள். பழகிய கை ஒருவர் ஒரே மரத்தின் முன் நிறுத்தி, கத்தியைக் கையில் கொடுத்து, பட்டையை எவ்வளவு ஆழம் சீவலாம், எதற்காகச் சரிவாக வெட்ட வேண்டும், வெயில் ஏறுவதற்கு முன் ஏன் முடிக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லியிருப்பார். ஆழம் தவறினால் மரத்தில் காயம் விழும், அந்தக் காயம் ஆண்டுக்கணக்கில் கிடந்து, வெட்டியவரின் கையைக் காட்டிக்கொடுக்கும். மாஸ்டரின் ஆட்டத்தையும் அப்படித்தான் படிக்க வேண்டும்: ஒரு மரம், கையில் கத்தி, ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு 'ஏன்'.

வழியைச் சொல்கிறேன். ஆட்டத்தை அச்செடுத்தோ நோட்டில் எழுதியோ வைத்துக்கொண்டு, உண்மையான பலகையில் காய்களை அடுக்குங்கள். கைபேசித் திரை வேண்டாம், அதில் விரல் தானாகவே அடுத்த நகர்வைத் தட்டிவிடும். ஓப்பனிங்கை வேகமாக நகர்த்தி, பன்னிரண்டாவது நகர்வு வாக்கில் நிறுத்தி, மீதியைத் தாளால் மூடிவிடுங்கள். ஜெயித்தவரின் பக்கம் உட்கார்ந்து, அவருடைய நகர்வை நீங்கள் யோசித்து, நகர்வோடு காரணத்தையும் ஒரு வரி எழுதிய பிறகே தாளை ஒரு வரி கீழே இறக்க வேண்டும். இரண்டு நகர்வுகளும் ஒன்றாக இருந்தால் மகிழ்ச்சி. வேறாக இருந்தால்தான் பாடம் தொடங்குகிறது. அந்த இடத்தில் அரைமணி நேரம் போனாலும் போகட்டும்.

நீங்கள் தொடங்க வேண்டிய ஆட்டம் 1924-இல் நியூயார்க்கில், அப்போதைய உலகச் சாம்பியன் கப்பாபிளாங்கா டார்டகோவரை வென்றது. 35-ஆவது நகர்வுக்கு முன் நிறுத்துங்கள். (பலகையின் நெடுவரிசைகளுக்கு ஏ முதல் எச் வரை எழுத்து, குறுக்கு வரிசைகளுக்கு வெள்ளையின் பக்கத்திலிருந்து 1 முதல் 8 வரை எண்.) வெள்ளையான கப்பாபிளாங்காவின் யானை எச்7-இல், ஏழாவது வரிசையில் நிற்கிறது. ஜி5-இல் யாராலும் தடுக்கப்படாத சிப்பாய் ஒன்று இருக்கிறது. கறுப்பு யானையோ சி3 சிப்பாயின் மேல் கண் வைத்திருக்கிறது. நீங்களும் நானும் என்ன செய்வோம்? சி3-ஐக் காப்பாற்றப் போவோம். கப்பாபிளாங்கா ராஜாவை ஜி3-க்கு நகர்த்தினார். கறுப்பு சி3 சிப்பாயைச் செக்கோடு எடுத்தது, ராஜா எச்4-க்குப் போனது. இரண்டு நகர்வுகள் கழித்து, ஜி5 சிப்பாய் ஜி6-க்கு முன்னேறிய பின், எஃப்4 சிப்பாயும் செக்கோடு போயிற்று, ராஜா காலியான ஜி5-க்கு ஏறியது. அதற்கடுத்து ராஜா எஃப்6-க்குச் சென்றது, பக்கத்தில் எஃப்5-இல் நின்ற கறுப்புச் சிப்பாயை வெட்டாமலே!

இந்த இடத்தில் தாளை மூடிவைத்துவிட்டு ஒரு தேநீர் குடித்து வாருங்கள். இலவசமாகக் கிடைத்த சிப்பாயை ஏன் எடுக்கவில்லை? எடுத்திருந்தால் கறுப்பு யானை பின்னாலிருந்து செக் வைத்துக்கொண்டே இருந்திருக்கும். எஃப்6-இல் நிற்கும் ராஜாவுக்கு எதிரியின் அந்தச் சிப்பாயே பின்னால் குடை பிடிக்கிறது. எச்8-இல் யானையை வைத்து மேட் கொடுக்கும் மிரட்டலும் அதே நகர்வில் வந்துவிடுகிறது. ராஜா, யானை, ஜி சிப்பாய் மூன்றும் ஒரே இடத்தில் கூடிவிட்டதால், போன இரண்டு சிப்பாய்களுக்கு மதிப்பே இல்லாமல் போயிற்று. திட்டம் என்ற சொல்லுக்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் பலகையில் பார்த்ததில்லை. எதை அடைய வேண்டும் என்பது முடிவானதால்தான் எதை இழக்கலாம் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

இனி என் கதை ஒன்று. 1974-இல் நீஸ் நகரில் நடந்த ஒலிம்பியாடில் கார்ப்போவ் உன்ட்சிக்கருக்கு எதிராக ஆடிய 24-ஆவது நகர்வு செஸ் உலகில் மிகப் பெயர் பெற்றது. ஓரத்தில் இருக்கும் ஏ நெடுவரிசை திறந்திருக்கிறது; இரு தரப்பு யானைகளும் அதில் எதிரெதிரே நிற்கின்றன. அடுத்து யானைகள் மாறிப் பலகை காலியாகும் என்று எல்லாரும் நினைக்கும் நேரத்தில், கார்ப்போவ் இ3-இல் இருந்த பிஷப்பைக் கொண்டுபோய் ஏ7-இல், யானைகளுக்கு நடுவே நட்டுவைத்தார். வடசேரிச் சந்தைக்குப் போகும் சந்தில் ஒரு லாரியைக் குறுக்கே நிறுத்தியது போலத்தான். கறுப்பால் யானைகளை மாற்ற முடியவில்லை. வெள்ளை பின்னால் அவசரமில்லாமல் தன் இரண்டு யானைகளையும் அதே வரிசைக்குக் கொண்டுவந்து நிறுத்தியது. பிஷப் என்றைக்கு விலகினாலும் வரிசை வெள்ளைக்கே சொந்தம் என்பதால் கறுப்புக் காய்கள் அந்தப் பக்கத்தை விட்டு அகல முடியாமல் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. கார்ப்போவோ அந்த வரிசையைத் திறக்காமலேயே, மறுபக்கத்தில் ராஜாவின் மேல் தாக்குதல் நடத்தி 44 நகர்வுகளில் ஜெயித்தார்.

இதைப் படித்த மயக்கத்தில், நாற்பது ஆண்டுகளுக்கு முன் திருநெல்வேலியில் ஒரு போட்டியில் நானும் பிஷப்பை ஏ7-இல் வைத்தேன். எதிரே இருந்தவர் ஓய்வு பெற்ற ஆசிரியர். என்னை ஒருமுறை மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துவிட்டு, பி7-இல் இருந்த சிப்பாயை பி6-க்கு ஒரு கட்டம் தள்ளினார். அவ்வளவுதான், வந்த வழி அடைபட்டது. அடுத்த ஐந்தாறு நகர்வுகளில் பிஷப்பைச் சுற்றி வளைத்து எடுத்துக்கொண்டு, ஆட்டம் முடிந்ததும் 'எந்த புஸ்தகம்?' என்று மட்டும் கேட்டார். வீட்டுக்கு வந்து கார்ப்போவின் ஆட்டத்தை மீண்டும் அடுக்கியபோதுதான் பார்த்தேன்: அங்கே கறுப்பின் பி சிப்பாய் ஏற்கெனவே பி5-க்கு வந்துவிட்டது. சிப்பாய் பின்னால் நகராது, பி6 கட்டத்தை அடைக்க ஆளில்லை. நகர்வை நான் மனப்பாடம் செய்திருந்தேன், அந்த நகர்வைச் சரியாக்கிய சிப்பாய் அமைப்பைக் கவனிக்கவே இல்லை.

ஆகவே ஒவ்வொரு ஆட்டத்திலும், நிறுத்தும் இடங்களில் எல்லாம் முதலில் சிப்பாய்களை மட்டும் நோட்டில் வரைந்துகொள்ளுங்கள். மற்ற காய்களை மறந்துவிடுங்கள். எந்த வரிசை திறந்திருக்கிறது, எந்தக் கட்டத்தை எதிரியின் சிப்பாய் இனி ஒருபோதும் காக்க முடியாது, எந்தச் சிப்பாய் தனியாக நிற்கிறது என்று பார்த்தால், காய்கள் போக வேண்டிய இடம் தானாகவே தெரியத் தொடங்கும். உங்கள் யானை இங்கும் அங்கும் அலைவதற்கு நீங்கள் அதை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பதே காரணம் என்று நினைக்கிறேன்.

1971-இல் பியூனஸ் அயர்ஸில் ஃபிஷர் பெட்ரோசியானை வென்ற ஏழாவது ஆட்டத்தை மூன்றாவதாக வைத்துக்கொள்ளுங்கள். 22-ஆவது நகர்வில், சி5-இல் கம்பீரமாக நின்ற தன் குதிரையைக் கொடுத்து, டி7-இல் மந்தமாக நின்ற கறுப்பு பிஷப்பை ஃபிஷர் வெட்டினார். நல்ல காயைக் கொடுத்துச் சொத்தைக் காயை வாங்குவதா என்று தோன்றும். ஆனால் அந்தச் சொத்தை பிஷப்தான் கறுப்பின் ஓட்டைகளை அடைத்துக்கொண்டிருந்தது. அது போனதும் வெள்ளை யானைகள் சி வரிசையிலும் இ வரிசையிலும் ஏறி ஏழாவது வரிசையில் நின்றுவிட்டன, 34 நகர்வுகளில் ஆட்டம் முடிந்தது. ஒரு காயின் மதிப்பு அது செய்யும் வேலையில் இருக்கிறது என்பதை நூறு முறை வாயால் சொல்வதைவிட, இந்த ஒரு நகர்வுக்கு எதிராக நீங்களே வாதாடித் தோற்பது நல்லது.

பழைய ஆட்டம் எதற்கு என்று கேட்டீர்கள். இன்ஜின் அந்த மனிதர்கள் எல்லாரையும் தோற்கடிக்கும், சந்தேகமில்லை. ஆனால் அது 'வெள்ளைக்கு 0.7 சாதகம்' என்றுதான் சொல்லும், அந்த 0.7 எங்கே ஒளிந்திருக்கிறது என்று சொல்லாது. இன்னொரு காரணமும் உண்டு. இன்று கிராண்ட்மாஸ்டர்கள் மோதும்போது ஒருவரின் திட்டத்தை மற்றவர் ஐந்து நகர்வுகளுக்கு முன்பே மோப்பம் பிடித்துத் தடுத்துவிடுகிறார். திட்டம் மாறுகிறது, அதுவும் தடுக்கப்படுகிறது. கற்பவர் கண்ணுக்கு அது முடிச்சு விழுந்த நூலாகத்தான் தெரியும். கப்பாபிளாங்கா, ரூபின்ஸ்டீன் காலத்து ஆட்டங்களில் ஒரு திட்டம் பிறந்து, வளர்ந்து, முடிவது வரை தடையில்லாமல் பார்க்க முடியும்.

பழையது உயரத்தில் இருப்பவர்களுக்கும் பயன்படுகிறது என்பதற்கு விஸ்வநாதன் ஆனந்தே சாட்சி. 2013 ஜனவரியில் வைக் ஆன் ஸீ போட்டியில் அரோனியனைக் கறுப்புக் காய்களோடு 23 நகர்வுகளில் வீழ்த்தினார். இரண்டு பிஷப்களும் பக்கத்துப் பக்கத்து மூலைவிட்டங்களில் வெள்ளை ராஜாவைக் குறிவைக்க, குதிரையைப் பலி கொடுத்துத் தாக்கிய அந்த ஆட்டம், 1907-இல் லோட்ஸ் நகரில் ரொட்லெவிக்கு எதிராக ரூபின்ஸ்டீன் ஆடியதை நினைவூட்டியதாக அவரே சொன்னார். அந்த இரண்டையும் ஒரே நாள் மாலையில் அடுத்தடுத்து அடுக்கிப் பாருங்கள். நூற்றாறு ஆண்டு இடைவெளி பலகையில் தெரியாது.

நடைமுறைக்கு வருகிறேன். வாரத்துக்கு ஓர் ஆட்டம் போதும். முதல் நாள் முழு ஆட்டத்தையும் ஐந்து நிமிடத்தில் வேகமாக ஓட்டி, எங்கே போய் முடிகிறது என்று மட்டும் பாருங்கள். அதன் பிறகு மூன்று நாட்கள் தாளை மூடிவைத்து நான் மேலே சொன்னபடி. ஐந்தாம் நாள், ஆட்டத்தின் நடுவில் ஒரு நிலையைப் பலகையில் வைத்து, நண்பர் ஒருவரைத் தோற்ற பக்கத்தில் உட்காரவைத்து ஆடுங்கள். மாஸ்டரின் எதிரி செய்யாத ஒன்றை உங்கள் நண்பர் செய்வார், அங்கேதான் திட்டத்தை உண்மையில் புரிந்துகொண்டீர்களா என்பது வெளிப்படும். இன்ஜினைக் கடைசி நாள்தான் திறக்க வேண்டும், அதுவும் நீங்கள் எழுதிவைத்த காரணங்களைச் சரிபார்க்க மட்டும். ஆறு மாதத்துக்கு ஒருவரையே பிடித்துக்கொள்ளுங்கள். கப்பாபிளாங்காவில் தொடங்கி ரூபின்ஸ்டீன், பிறகு கார்ப்போவ் என்பது என் சிபாரிசு. பலிகொடுத்துத் தாக்குவதில் பெயர்பெற்ற தாலின் ஆட்டங்கள் நெஞ்சை அள்ளும், எனக்கும் உயிர்தான், ஆனால் இப்போது வேண்டாம். பலிகொடுக்கும் ஆசை வந்துவிட்டால் திட்டம் போடும் பொறுமை போய்விடும். நான் சிபாரிசு செய்த அந்த மூவரும் தோற்ற ஆட்டங்களையும் நான்கில் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

செலவைப் பற்றிக் கவலை வேண்டாம். இந்த ஆட்டங்கள் எல்லாம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. தேவைப்படுவது ஒரு பலகை, ஒரு கோடு போட்ட நோட்டு, மூடிவைக்க ஒரு தாள்.

மேலே சொன்ன மூன்று ஆட்டங்களின் விடையையும் நானே சொல்லிக் கெடுத்துவிட்டேன், அதனால் விடை சொல்லாத ஒன்றைத் தருகிறேன். 1953-இல் சூரிச்சில் ரெஷெவ்ஸ்கிக்கும் பெட்ரோசியானுக்கும் நடந்த ஆட்டம், டிராவில் முடிந்தது. கறுப்பின் 25-ஆவது நகர்வுக்கு முன் நிறுத்துங்கள். நடுவில் வெள்ளைச் சிப்பாய்கள் உருண்டு வரக் காத்திருக்கின்றன. கறுப்புக் குதிரைக்கு டி5 கட்டம் கிடைத்தால் அவை நின்றுவிடும், ஆனால் குதிரை போக வேண்டிய வழியில் கறுப்பின் சொந்த யானையே நிற்கிறது. யானையை எங்கே நகர்த்துவீர்கள்? நான்கைந்து கட்டங்கள் கண்ணில் படும், அவற்றில் ஒன்றைப் பார்த்ததும் 'இங்கே மட்டும் கூடாது' என்று உங்கள் கை பின்வாங்கும். அந்தக் கட்டத்தையும் கணக்கில் எடுத்துக்கொண்டு, காரணத்தை எழுதிவிட்டு, அப்புறம் தாளை இறக்குங்கள்.