ஒரு மணித்தியாலம் எடுப்பது சுயநலம் இல்லை, தங்கச்சி

சாவகச்சேரியில் அம்மாவை இரவுபகலாகப் பார்க்கிற நீங்கள் தியானத்துக்கு ஒரு மணித்தியாலம் ஒதுக்கினால் சுயநலமோ, பௌத்தம் பிறருக்காக வாழத்தானே சொல்கிறது என்று கேட்டிருந்தீர்கள். அப்படி இல்லை தங்கச்சி. புத்தரின் போதனைத் தொகுப்புகளில் ஒன்றான சம்யுத்த நிகாயத்தில் மூங்கில் கழியில் வித்தை காட்டும் குருவும் சீடனும் வருகிறார்கள். 'நீ என்னைக் கவனி, நான் உன்னைக் கவனிக்கிறேன்' என்கிறார் குரு, சீடனோ அவரவர் தம்மைக் கவனித்தால்தான் இருவரும் பத்திரமாக இறங்கலாம் என்கிறான், புத்தர் அவன் சொன்னதை ஏற்றுக்கொண்டு, பொறுமையாலும் அன்பாலும் பிறரைக் காப்பவர் தன்னையும் காக்கிறார் என்று சேர்த்துச் சொல்கிறார். இன்னொரு தொகுப்பான அங்குத்தர நிகாயத்திலோ, தன் நலம் பிறர் நலம் பார்ப்பதை வைத்து வரிசைப்படுத்திய நால்வரில் பிறர் நலம் மட்டும் பார்ப்பவருக்கு மூன்றாம் இடம்தான், எனக்கே முதலில் நம்ப முடியவில்லை. தன் நலம் என்று அங்கே சொல்வது மனதின் ஆசையையும் கோபத்தையும் குறைப்பதை. நித்திரை இல்லாமல் அம்மாவில் எரிந்து விழுந்ததாக எழுதியிருந்தீர்களே, கழி ஆடுவது அங்கேதான். சரி, யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் இருக்கிற அண்ணாவிடம் இன்றைக்கே கதையுங்கள், கிழமையில் இரண்டு இரவாவது அவர் வந்து நிற்கட்டும்.