ஷாக் எண்ணெயும் பிஸ்டன் துளையும்

கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

பத்தில் ஒரு பங்கு அளவுள்ள, பின்சக்கரங்களால் இயங்கும் ரிமோட் பகி (மேடுபள்ளத் தடத்தில் ஓடும்) கார் ஒன்றை மண் தடத்தில் ஓட்டிவருகிறேன். மேட்டிலிருந்து தாவி இறங்கும்போது சேஸிஸ் எனும் அடிச்சட்டம் தரையில் மோதியதால், நான்கு ஷாக்குகளிலும் (அதிர்வுதாங்கிகளிலும்) இருந்த 30 எண் எண்ணெயை வடித்துவிட்டு, அதைவிடக் கெட்டியான 60 எண் எண்ணெய் ஊற்றினேன். மோதல் குறைந்தது. ஆனால் வரிவரியாகச் சிறுமேடுகள் உள்ள நேர்ப்பாதையில் வண்டி தவளைபோலத் துள்ளுகிறது. கடினமான ஸ்பிரிங் போட்டபின் துள்ளல் இன்னும் கூடிவிட்டது. அடுத்து எந்த எண் எண்ணெய் வாங்கலாம்?

ஒரு வாசகர்

பதில்

அன்புள்ள நண்பருக்கு,

எண்ணெய் வாங்குவதைச் சற்றுத் தள்ளிவைத்து, முதலில் ஷாக்கைப் பிரித்து, அதன் தண்டின் உள்முனையில் இருக்கும் துளையிட்ட வில்லையான பிஸ்டனைப் பாருங்கள்.

வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குவது எண்ணெய். 1984இல் வந்த டமியா நிறுவனத்தின் கிராஸ்ஹாப்பர் என்ற ரிமோட் பகியில் ஸ்பிரிங் உண்டு, எண்ணெய் கிடையாது. பெயருக்கேற்ப வெட்டுக்கிளியாகவே அது குதிக்கும். அதே ஆண்டில் வெளிவந்த அசோசியேட்டட் நிறுவனத்தின் ஆர்சி10 பகி நான்கு சக்கரங்களுக்கும் எண்ணெய் நிரப்பிய அலுமினிய ஷாக்குகளைக் கொண்டிருந்தது.

அந்த எண்ணெய் பிஸ்டனிலுள்ள சிறு துளைகள் வழியாகத்தான் மேலும் கீழும் போய்வர வேண்டும். வளைவில் வண்டி சாயும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் தண்டு மெதுவாக நகர்வதால், எண்ணெயின் கெட்டித்தன்மையைப் பொறுத்துத் தடை அமைகிறது. தாவி இறங்கும்போதும் சிறுமேடுகளின் மீது விரையும்போதும் தண்டு மிக வேகமாக நகர்வதால், துளைகள் சிறியவையாக இருந்தால் எண்ணெய் அவற்றைக் கடக்க நேரமின்றி ஷாக் ஏறத்தாழப் பூட்டிக்கொள்கிறது; ஓட்டுநர்கள் இதைத்தான் 'பேக் ஆகிறது' என்கிறார்கள். நீங்கள் ஊற்றிய எண்ணெய் தாவலுக்கு உதவியதும் நேர்ப்பாதையைக் கெடுத்ததும் இதே காரணத்தால்தான். முதல் மேட்டில் உள்ளே போன தண்டு அடுத்த மேட்டுக்குள் வெளியே வர முடியாததால் சக்கரம் தரையைத் தொடுவதே இல்லை.

ஆகவே பழைய ஸ்பிரிங்கையே மாட்டிவிட்டு, துளை ஒரு படி பெரிதான பிஸ்டனைப் போட்டு, 35 அல்லது 40 எண் எண்ணெய் ஊற்றுங்கள். துளை 1.6 மில்லிமீட்டராக இருந்தால் 1.7 போதும். இறங்கும்போது சேஸிஸ் இலேசாகத் தரையை உரசத்தான் செய்யும். அதைக் குறையாகக் கருத வேண்டாம். ஒரு நிறுவனத்தின் 40 மற்றொன்றின் 40க்குச் சமமாக இருப்பதில்லை என்பதால் புட்டியில் கெட்டித்தன்மையின் அலகான சென்டிஸ்டோக் அளவைப் பாருங்கள். அசோசியேட்டட் கணக்கில் 30 என்பது 350 சென்டிஸ்டோக், 60 என்பது 800. அதாவது நீங்கள் கெட்டித்தன்மையை இரு மடங்குக்கும் மேலாக ஏற்றியிருக்கிறீர்கள்.

எண்ணெய் ஊற்றும் முறைதான் பலர் அவசரப்படும் இடம். ஷாக்கைச் செங்குத்தாகப் பிடித்து, தண்டைக் கீழே முழுதும் இழுத்து, விளிம்புவரை ஊற்றியபின், பிஸ்டன் எண்ணெய்க்கு மேலே வராதபடி மிக மெதுவாக ஏற்றி இறக்குங்கள். துளைகளின் அடியில் ஒட்டியிருக்கும் குமிழிகள் கடுகு கடுகாக மேலே வரும். பத்து நிமிடம் அப்படியே நிறுத்திவைத்துவிட்டு மூடியைப் போடுங்கள். பிறகு ஸ்பிரிங் மாட்டாத இடது வலது ஷாக்குகளின் தண்டு முனைகளை ஒன்றோடொன்று அழுத்திப் பாருங்கள். இரண்டும் ஒரே வேகத்தில் உள்ளே போக வேண்டும். ஒருமுறை நான் இதைச் செய்யாமல் மூன்று வாரம் ஸ்பிரிங் ஸ்பிரிங்காக மாற்றிக்கொண்டிருந்தேன். எண்ணெய் கசியாமல் தடுக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் தேய்ந்து இடது ஷாக்கில் பாதி எண்ணெய் கசிந்துபோயிருந்தது.

இவை முடிந்தபின், பேட்டரியுடன் வண்டியை ஒரு சாண் உயரத்திலிருந்து மேசைமீது விடுங்கள். ஒரே அமுக்கில் இறங்கி, ஒரே எழுச்சியில் நின்றுவிட்டால் தடத்துக்கு எடுத்துச் செல்லலாம். பின்பக்கம் மட்டும் இரண்டாவது முறை ஆடினால், பின் ஷாக்குகளில் மட்டும் எண்ணெயை 5 எண் கூட்டுங்கள். முன்பக்கத்தைத் தொட வேண்டாம்.