நட்டம் யாருடைய பாடு?

அன்புள்ள ஆசிரியருக்கு,

இலகு ரயில் பற்றிய உங்கள் கட்டுரையில் அரசு–தனியார் கூட்டு முறையைக் கடுமையாகவே சாடியிருந்தீர்கள். அரசிடம் பணம் இல்லை. தனியார் நிறுவனம் முதல் போட்டுப் பாதையைக் கட்டுகிறது, முப்பது ஆண்டு ஓட்டுகிறது, டிக்கெட் வசூலில் போட்டதை எடுத்துக்கொண்டு திருப்பித் தருகிறது. நட்டம் வந்தால் அது அவர்கள் பாடு. இதில் மக்களுக்கு என்ன இழப்பு? தனியார் என்றாலே உங்களுக்கு ஆகாதோ?

எம்.

அன்புள்ள எம்.,

ஆகாது என்றெல்லாம் இல்லை. உங்கள் கடிதத்தில் நான் முக்கியமாக மறுப்பது ஒரு வரியை: ‘நட்டம் வந்தால் அது அவர்கள் பாடு.’ ஒப்பந்தத்தில் அப்படித்தான் எழுதியிருப்பார்கள். ஆனால் நட்டத்தில் ஓடும் கடையை முதலாளி இழுத்து மூடுவதுபோல, ஊரே வேலைக்குப் போகும் ரயிலை மூட எந்த அரசும் விடாது. நிறுவனத்துக்கும் அது தெரியும், கடன் கொடுத்த வங்கிக்கும் தெரியும்.

கோலாலம்பூரில் ஸ்டார் பாதை 1996இலும் புத்ரா 1998இலும் ஓடத் தொடங்கின. இரண்டும் தனியார் நிறுவனங்கள். எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை, ஆசிய நிதி நெருக்கடியும் சேர்ந்துகொண்டது, கடனைக் கட்ட முடியவில்லை. 2002இல் இரண்டையும் அரசு நிறுவனமே எடுத்துக்கொண்டது. இரு பாதைகளும் சந்திக்கும் மஸ்ஜித் ஜமெக்கில், ஒன்றிலிருந்து இறங்கியவர் வெளியே வந்து வேறு டிக்கெட் வாங்கித்தான் மற்றதில் ஏற முடிந்தது. (அரசின் கைக்கு வந்த பிறகும் இதைச் சரிசெய்ய 2011 வரை ஆயிற்று. இதை உங்கள் கணக்கில் வரவு வைத்துக்கொள்ளுங்கள்.)

‘முதல் போட்டு’ என்கிறீர்கள். அதில் பெரும்பகுதி கடன். அரசு வாங்கும் கடனைவிடப் பொதுவாக வட்டியும் கூடுதல். அதைக் கட்டப்போவது பயணி, இல்லையென்றால் வரி செலுத்துபவர். மூன்றாவது ஆள் கிடையாது.

அந்தக் கூடுதல் வட்டிக்கு ஈடாக அவர்கள் அபாயத்தைச் சுமக்கிறார்கள் என்பதுதான் வாதம். எந்த அபாயத்தை? தெருவில் தண்டவாளம் போடுகிறவரின் தூக்கத்தைக் கெடுப்பது தெருவுக்கு அடியில் கிடப்பவை: மின் கேபிள், குடிநீர்க் குழாய், எப்போதோ புதைத்து வரைபடத்தில் ஏறாமல் போன சாக்கடை. தண்டவாளத்துக்கு நேர் கீழே கேபிள் குழி இருந்தால், பின்னாளில் அதைப் பழுதுபார்க்க ரயிலையே நிறுத்த வேண்டிவரும். எனவே முன்னதாகவே அதை நகர்த்த வேண்டும். எப்படி நகர்த்துவது என்று சொல்வதோ மின் நிறுவனம். ரயில்காரருக்கு அதில் அதிகாரமில்லை.

சிட்னியில் 2014இல் 12 கிலோமீட்டர் பாதைக்கு ஒப்பந்தம் கையெழுத்தானது. கேபிள் குழிகள் பற்றி ஆஸ்கிரிட் என்ற மின் நிறுவனம் விதித்த நிபந்தனைகளில் தன்னைத் தவறாக வழிநடத்திவிட்டதாக, கட்டுமான நிறுவனமான அக்சியோனா மாநில அரசின்மீது வழக்குத் தொடுத்தது. 2019இல் 57.6 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை தர ஒப்புக்கொண்டு அரசு சமரசம் செய்துகொண்டது. 160 கோடி டாலர் என்று முதலில் அறிவித்த திட்டத்தின் செலவு 300 கோடியைத் தாண்டியது.

ஆகவே தோண்டிப் பார்ப்பதையும் குழாய்களை நகர்த்துவதையும் நகரமே முதலில் முடிக்கட்டும் என்பது என் கட்சி. எத்தனை பேர் ஏறுவார்கள் என்ற கவலையும் அதனிடமே இருக்கட்டும். பஸ் தடமும் வாகன நிறுத்தக் கட்டணமும் நகரத்தின் கையில்தானே இருக்கின்றன? கட்டுவதையும் பராமரிப்பதையும் ஒரே நிறுவனத்திடம் தாராளமாகக் கொடுக்கலாம். முப்பது ஆண்டு தானே பழுதுபார்க்க வேண்டும் என்றால் மட்டமான சக்கரத்தை யார் வாங்குவார்கள்? ரயில் நேரத்துக்கு ஓடினால் பணம், ஓடாவிட்டால் பிடித்தம்.

பிடித்தம் மட்டும் போதாது என்பதற்கு ஒட்டாவா சாட்சி. 2019இல் திறந்த பாதையில் 2021இல் இருமுறை ரயில் தடம் புரண்டது. விசாரணை ஆணையம் நகராட்சி, நிறுவனம் இரண்டையுமே கண்டித்தது.

அப்புறம், அந்த முப்பது ஆண்டு. லண்டனின் கிராய்டன் பகுதியில் 2000இல் ஓடத் தொடங்கிய டிராமுக்கு ஒப்பந்தம் 99 ஆண்டு. லண்டன் போக்குவரத்து நிர்வாகம் கட்டணக் கொள்கையை மாற்றினால் நிறுவனத்துக்கு நட்டஈடு தர வேண்டியிருந்தது. கடைசியில் 2008இல் 9.8 கோடி பவுண்டுக்கு அந்த நிறுவனத்தையே வாங்கிவிட்டார்கள். உங்களுக்குத் தெரிந்த திட்டம் எதற்காவது ஒப்பந்தம் வெளியானால், டிக்கெட் விலையை மாற்றும் உரிமை யாருக்கு என்ற பிரிவை முதலில் படியுங்கள். வணிக ரகசியம், வெளியிட மாட்டோம் என்றால் எனக்கு எழுதுங்கள். அதற்கென்றே ஒரு கட்டுரை எழுதுகிறேன்.