கேள்வி – பதில்: தேயிலை மண்ணிலும் மின்கலத்திலும் ஒரே இரும்புப் பொஸ்பேற்றா?

கேள்வி: தேயிலைக்கு இடும் பொஸ்பேற்று உரத்தை மண்ணிலுள்ள இரும்பு பிடித்துவைத்துக்கொள்கிறது என்று தோட்டத்தில் சொல்கிறார்கள். மின்கலத்திலும் இரும்புப் பொஸ்பேற்றே இருக்கிறது என்கிறார் எங்கள் இரசாயனவியல் ஆசிரியர். இரண்டும் ஒன்றா? அதன் பளிங்குகளைச் சுடுநீரில் எப்படி வளர்க்கிறார்கள்?
– உயர்தர மாணவி, ஹட்டன்

பதில்: உறவு உண்டு; ஆனால் இரண்டும் ஒன்றல்ல. மலையகத்தின் அமில மண்ணில் பொஸ்பேற்று பெரும்பாலும் இரும்பு, அலுமினியம் ஆகியவற்றின் ஒட்சைட்டுகளின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டோ, ஒழுங்கற்ற படிவாகவோ கிடக்கிறது. அது ஒழுங்குற்றுப் பளிங்காகும்போது கிடைக்கக்கூடிய கனிமங்களுள் ஒன்று ஸ்ட்ரெங்கைற்று. அதில் ஓர் இரும்புப் பொஸ்பேற்று அலகுக்கு இரண்டு நீர் மூலக்கூறுகள் உண்டு.

இவ்வகைச் சேர்வைகள் எல்லாவற்றிலும் பொசுபரசு நான்கு ஒட்சிசன்களைச் சுற்றிலும் நிறுத்தி நான்முகியாகவே நிற்கும். அது எளிதில் வடிவம் மாறாது. கட்டமைப்பின் பல்வகைமை தாண்டல் உலோகத்தின் (இங்கு இரும்பின்) பக்கத்திலிருந்தே பெரிதும் வருகிறது. ஸ்ட்ரெங்கைற்றில் இரும்பைச் சூழ்ந்த ஆறு இடங்களில் நான்கை வெவ்வேறு பொஸ்பேற்றுகளின் ஒட்சிசன்கள் பிடிக்க, மீதி இரண்டில் நீர் அமர்ந்திருக்கும். மின்கலத்தில் உள்ள இலிதியம் இரும்புப் பொஸ்பேற்றிலோ நீருக்கு இடமில்லை. ஆறும் பொஸ்பேற்றின் ஒட்சிசன்களே. அங்கு இரும்பும் அதைச் சூழ்ந்த ஆறு ஒட்சிசன்களும் சேர்ந்த எண்முகிகள் மூலைகளால் கோத்துத் தளங்களாக அமைய, இலிதிய அயன்கள் ஒரே திசையில் நீளும் ஒடுங்கிய கால்வாய்களில் வரிசையாக நிற்கின்றன. மின்னேற்றும்போது அவை வெளியேறினாலும் சட்டகம் குலையாமல், கனவளவில் ஏறத்தாழ 7 நூற்றுவீதம் மட்டும் சுருங்குகிறது. இச்சேர்வையின் மின்கலப் பயனை 1997இல் வெளியிட்ட குழுவிலிருந்த ஜோன் குட்இனஃப், 2019இல் இரசாயனவியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இனி வளர்க்கும் முறை. உயரம் கூடக் கூட வளியமுக்கம் குறைவதால் நுவரெலியாவில் நீர் சுமார் 94 பாகை செல்சியசிலேயே கொதித்துவிடுகிறது. பருப்பு வேகத் தாமதமாவது இதனால்தான். ஆய்வுகூடத்தில் இதற்கு நேர்மாறாக, டெஃப்லோன் உள்ளுறையிட்ட உருக்குக் கலனில் நீரை அடைத்து மூடி, 180 பாகைக்குச் சூடாக்குகிறார்கள். உள்ளே அமுக்கம் ஏறத்தாழ 10 வளிமண்டலமாக உயர, நீர் திரவமாகவே நின்று, சாதாரண நிலையில் எளிதில் கரையாதவற்றையும் ஓரளவு கரைத்து மெல்ல மெல்லப் பளிங்காகப் படிய விடுகிறது. இரும்புச் சல்பேற்று, பொஸ்போரிக் அமிலம், இலிதியம் ஐதரொட்சைட்டு ஆகியவற்றிலிருந்து மின்கலப் பொருளை இவ்வாறே பெறலாம். ஆனால் வெப்பநிலை போதாவிட்டால் இரும்பு அயன்களில் சில இலிதியத்தின் கால்வாயில் புகுந்து, ஒற்றையடிப் பாதையில் விழுந்த மரம்போல வழியை மறித்துவிடும். எக்ஸ் கதிர் விளிம்பு வளைவால், அதாவது பளிங்கில் பட்டு எக்ஸ் கதிர்கள் சிதறும் கோலத்தை அளந்து, கட்டமைப்பைக் கண்டறியும்போது, எந்த அயன் இடம் மாறியிருக்கிறது என்பதையும் மதிப்பிட முடிகிறது. ஒரு மில்லிமீற்றரின் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள ஒற்றைப் பளிங்கே அதற்குப் போதும்.

கேள்வி: இதை வீட்டுப் பிரஷர் குக்கரில் செய்து பார்க்கலாமா?
– வாசகர், பண்டாரவளை

பதில்: கூடாது. குக்கர் சுமார் 120 பாகைக்கு மேல் செல்லாது. அலுமினியக் குக்கராயின் பொஸ்போரிக் அமிலம் அதையே அரித்து, தீப்பற்றக்கூடிய ஐதரசன் வாயுவை வெளியிடும். குக்கர் பருப்புக்கே இருக்கட்டும்.