ஸ்காபரோவில் கிளீனிங் தொழில்: மிச்சம் எங்கே போகுது?

தம்பி, ஐந்து அலுவலகம் கிளீன் பண்ணியும் மாதமுடிவில் கையில் ஒன்றும் நிற்குதில்லை, ஆறாவது கொன்ட்ராக்ட் எடுக்கவா என்று கேட்டிருந்தீங்கள். இப்போதைக்கு எடுக்காதேங்கோ.

முதலில் ஓட்ட நேரத்தையும் சேர்த்து ஒவ்வொரு இடத்துக்கும் மணிக்கணக்குப் பாருங்கோ. உதாரணத்துக்கு மிசிசாகாவில் ஒரு தரத்துக்கு 90 டொலர், வேலை இரண்டரை மணித்தியாலம். ஆனால் 401 நெடுஞ்சாலையில் போக 40 நிமிடம், வர 40. மணிக்கு 23.50தான் விழும், காஸ் இன்னும் கழிக்கேல்லை. 407 நெடுஞ்சாலையில் ஏறினால் டோல் வேறை. மார்க்கத்தில் 75 டொலர், இரண்டு மணித்தியாலம், போய்வர 20 நிமிடம் என்றால் மணிக்கு 32. தூரத்து இடத்துக்கு விலை கூட்டிக் கேளுங்கோ. தராவிட்டால் விலகுறம் என்று நோட்டீஸ் குடுத்துவிட்டு, ஏற்கெனவே போற பிளாசாவில் பக்கத்துக் கடையைக் கேளுங்கோ.

பலர் கவனிக்காத காசு எச்எஸ்டியில், அதாவது விற்பனை வரியில் இருக்கு. தொடர்ந்த நாலு காலாண்டில் பில் போட்ட தொகை 30,000 டொலர் தாண்டினால் பதிவு கட்டாயம். பிறகு 13 வீதம் வாங்குவீங்கள். கிளீனிங்கில் பெரிய செலவு கூலி, அதுக்கு எச்எஸ்டி இல்லை, அதனால் வாங்கின வரியில், செலவுக்கு நீங்கள் கட்டின வரி என்று கழிக்கக் கிடைப்பது கொஞ்சம்தான். அதுக்குத்தான் குயிக் மெதட் என்ற சுருக்குக் கணக்கு முறை. ஒன்ராறியோவில் சேவைத் தொழில் என்றால் வரியோடு வாங்கின தொகையில் 8.8 வீதம் கட்டினால் போதும். முதல் 30,000க்கு 1 வீதச் சலுகையும் உண்டு. வருடம் 60,000க்கு பில் போட்டால் வாங்கும் வரி 7,800. 67,800இல் 8.8 வீதம் 5,966, சலுகை 300 போகக் கட்டுவது 5,666. மிச்சம் 2,134. சாமான், காஸுக்கு 6,000 செலவழித்திருந்தால் வழமையான முறையில் 780 கழித்திருப்பீங்கள். அதைத் தள்ளினாலும் 1,354 கூட. இதை வருமானத்தில் காட்டவேணும். வான் வாங்கினால் அதன் வரியைத் தனியாகக் கழிக்கலாம். படிவம் ஜிஎஸ்டி74, எடுத்தால் குறைந்தது ஒரு வருடம் மாறேலாது. சப் கொன்ட்ராக்டர்மார் எச்எஸ்டி போட்டு உங்களுக்குப் பெரிய பில் தந்தால் இந்த முறை நட்டமாகலாம், முதலே கணக்குப் பாருங்கோ.

கொன்ட்ராக்டில் என்ன செய்வீங்கள் என்றதோடு, என்ன செய்யமாட்டீங்கள் என்றும் எழுதுங்கோ: ஃபிரிட்ஜ் உள்பக்கம், கார்பெட் ஷாம்பூ, தரைக்கு வாக்ஸ் எல்லாம் தனி விலை. ‘இன்றைக்கு மட்டும்’ என்று தொடங்கினது பிறகு ஒவ்வொரு கிழமையும் வரும்.

உதவிக்கு ஆள் வைத்தால் 20 டொலர் கூலி 20ஓடு நிற்காது. விடுமுறைச் சம்பளம் 4 வீதம், சிபிபி (ஓய்வூதியம்), ஈஐ (வேலையிழப்புக் காப்புறுதி), டபிள்யூஎஸ்ஐபி (வேலையிடக் காயக் காப்புறுதி) சேர ஏறத்தாழ 23 ஆகும். விலை சொல்லும்போது அந்த 23ஐ வைத்துச் சொல்லுங்கோ.